கன்வெர்ட் பண்ணியாச்சு, கேசட் எதற்கு?

“கன்வெர்ட் பண்ணியாச்சுண்ணா. இனிமே இத்த இன்னாத்துக்கு வெச்சினுகீற? தூக்கிப் போடு.” பென்டிரைவை என் கையில் கொடுத்துவிட்டு, நான் கொண்டுபோன நான்கு வீடியோ கேசட்டுகளையும் குப்பைக்கூடை இருந்த பக்கமாக நகர்த்தினார் கடைக்காரர். நான்கு கேசட்டுக்கு மூன்று கோப்புதான் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு. அவர் கெட்ட மனிதர் இல்லை, ஊர் சொல்வதைத்தான் சொன்னார். என் வீட்டில் அதையே சொல்கிறார்கள், கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். எங்கள் வடசென்னைப் புளியந்தோப்பில் பரணைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு போகிக்கும் இந்தச் சொல்லின் பேரில் ஒரு மூட்டை கேசட் வெளியே போகிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த விஎச்எஸ் நாடாவில் படம் ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் தெளியும். ஓட்ட ஓட்டத் தேயும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்தால் ஒரு படி மங்கும். அதிலிருந்தும் ஒன்று பதிந்தால் மாப்பிள்ளை யார், தோழன் யார் என்று தெரியாது. வடசென்னையின் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்தால் நாடாவில் பூஞ்சை பூக்கும். போட்டுப் பார்க்க டெக்கும் இல்லை. உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் கோப்போ நூறு பிரதி எடுத்தாலும் நூறும் ஒன்றே. கட்டைவிரல் அளவு இடம் போதும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் அது சின்ன விஷயம் அல்ல. மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து கேஸுக்கு மாறியவர்கள் பழைய ஸ்டவ்வைச் சாமி படத்துக்குப் பக்கத்திலா வைத்திருக்கிறார்கள்?

இதில் பாதிக்கு மேல் உண்மை. கேமரா மாறியதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. தோளில் பேனசோனிக் எம்9000, பக்கத்தில் ஹாலோஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்த லைட் பாய், அவருக்குப் பின்னால் ஒயரை இழுத்துக்கொண்டு ஒரு பொடியன் என்று மூன்று பேர் மேடையை அடைத்து நின்றால், தாலி கட்டியதைக் கீழே உட்கார்ந்திருந்த யாரும் பார்த்ததில்லை. கெட்டிமேளச் சத்தத்தை வைத்து அட்சதை போட்டோம். பிறகு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான மினி டிவி கேசட் வந்தது. (தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.) அப்புறம் மெமரி கார்டு, இப்போது எல்லோர் கையிலும் போன். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் விரலால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது, அங்கே குடியேறியவர்கள் கையில் கேமரா இருந்ததால்தான். 1991இல் அதே சுவர் உதிர்ந்திருந்தால் கேமராவுக்கு ஒருநாள் வாடகை கொடுத்துப் படம் பிடித்து, கேசட்டைத் தூக்கிக்கொண்டு எந்த ஆபீஸ் வாசலில் நிற்பது?

ஆகவே அனலாக் காலத்துக்கு நான் ஒப்பாரி வைக்கவில்லை. கேமரா மேம்பட்டது, ஆகவே பழைய கேமரா எடுத்ததும் மேம்பட்டுவிட்டது, ஆகவே பழையது வேண்டாம் என்று ஊர் சொல்கிறதே, அந்த இரண்டு ‘ஆகவே’யும் நொண்டி என்கிறேன்.

1. பேனாவை மாற்றினால் பழைய கடிதங்களைக் கொளுத்துவோமா? ஸ்டவ் உவமையின் ஓட்டை இங்கே இருக்கிறது. ஸ்டவ் ஒரு கருவி, கேமராவும் கருவி. கருவிக்கு அடுத்த ரகம் வரும், வர வேண்டும். கேசட் கருவி அல்ல, அந்தக் கருவி ஒரு குறிப்பிட்ட நாளில் விட்டுப்போன தடம். அந்த நாளுக்கு அடுத்த ரகம் கிடையாது. கடைக்காரர் உங்களிடம் கொடுத்தது தடத்தைப் பார்த்து எடுத்த ஒரு பிரதி, அவ்வளவுதான்.

2. அந்தப் பிரதியை எப்படி எடுத்தார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? ‘கன்வெர்ட்’ என்ற சொல்லில் ஒரு மந்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரும்பு பொன்னாவதுபோல அனலாக் டிஜிட்டலாகிவிட்டது என்று நினைக்கிறோம். நம் முன்னோரிடம் இதற்குச் சரியான சொல் இருந்தது. ஏடு பெயர்த்து எழுதுதல். பெயர்த்து எழுதுபவரின் கண் சரியாக இருக்க வேண்டும், கை சரியாக இருக்க வேண்டும், மூல ஏட்டில் எழுத்து தெரிய வேண்டும். ஒன்று பிசகினால் பாட்டில் ஒரு சீர் போயிற்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகக் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை உறுதி செய்தார். பெயர்த்தாயிற்று, பழையது எதற்கு என்று ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளில் என்ன இருந்தது என்பதை இனி எந்த ஐயரும் சொல்ல முடியாது.

வீடியோ கடையில் நடப்பதும் பெயர்த்தெழுதுவதுதான். விஎச்எஸ் கேமரா நம் ஊர் முறையில் ஒரு நொடிக்கு 50 அரைப்படங்களைப் பதிகிறது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒருமுறை. நொடிக்கு 25 முழுப்படம் என்று நாம் சொல்வது இந்த அரைகளைக் கோத்துத்தான். கடையில் டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை எடுத்து, விரல் நீளமுள்ள ஒரு மலிவான யுஎஸ்பி பெட்டியில் செருகிக் கம்ப்யூட்டருக்குள் இழுக்கிறார்கள். பல மென்பொருள்கள் இரண்டு அரைப்படங்களில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். அசையாமல் நிற்கும் குத்துவிளக்குக்கு இதனால் நஷ்டம் இல்லை. சாவு வீட்டுப் பறையிலும் கல்யாண வீட்டு டப்பாங்குத்திலும் குச்சி தோலைத் தொடும் கணம் பாதிக்குப் பாதி காணாமல் போகும். நாடா தளர்ந்திருந்தால் படத்தின் மேல்பகுதி கொடிபோல ஆடும். கோட்டுக்குக் கோடு நேரத்தைச் சரிசெய்ய ஒரு கருவி உண்டு, அது பெரும்பாலான கடைகளில் இருப்பதில்லை. ஹெட்டைக்கூடத் துடைக்காமல் ஓட்டுபவர்கள் உண்டு.

அடுத்தது அமுக்குதல். மூன்று மணி நேரக் கேசட்டை 4.7 ஜிபி டிவிடியில் திணித்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட் தேறும். மினி டிவி கேமரா இதே படத்துக்கு நொடிக்கு 25 மெகாபிட் எடுத்துக்கொண்டது. ஏழில் ஒரு பங்கு. அந்த டிவிடியையும் மறுபடி அமுக்கி எம்பி4 ஆக்கி, அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கியதைத்தான் பல குடும்பங்கள் இன்று ‘ஒரிஜினல்’ என்று வைத்திருக்கின்றன. பிரதிக்குப் பிரதி மங்கும் என்று நாடாவைக் குற்றம் சொன்னவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நாடாவைப் படிக்கும் வித்தை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. டெக்கின் வீடியோ வெளியீட்டை நம்பாமல், ஹெட் நாடாவிலிருந்து எடுக்கும் கச்சா அலையை அப்படியே பிடித்து மென்பொருளால் படமாக்கும் ‘விஎச்எஸ் டிகோட்’ என்ற திட்டத்தை ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். நல்ல டெக்கில்கூடக் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. மூலம் கையில் இருந்தால் நாளை இன்னும் நன்றாகப் பெயர்க்கலாம். 2008இல் எடுத்த டிவிடியிலிருந்து அதை ஒருநாளும் எடுக்க முடியாது.

3. டிஜிட்டல் சாகாது என்று யார் சொன்னது? என் பரணையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1993ஆம் வருஷத்து விஎச்எஸ் கேசட் ஓடுகிறது. வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன, வண்ணம் வெளுத்திருக்கிறது, ஆனால் ஓடுகிறது. 2004இல் மினி டிவியில் எடுத்த வளைகாப்பு நாடா நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஓட்டும் கேமரா கெட்டுப்போனது, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் துளை புதிய கம்ப்யூட்டர்களில் கிடையாது. 2006ஆம் வருஷத்து விசிடி முதல் பாட்டிலேயே திக்குகிறது. 2011இல் ‘எல்லாத்தையும் இதுல போட்டாச்சு’ என்று சேர்த்துவைத்த ஹார்ட் டிஸ்க், பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. வரிசையைப் பாருங்கள். டிஜிட்டல் பக்கம் வர வர ஆயுள் குறைந்திருக்கிறது.

இது என் ராசி அல்ல, பொருளின் குணம். வீட்டில் எழுதும் டிவிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் அதை வெளிறவைக்கும். பென்டிரைவில் பதிவு என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். மலிவான சிப்பை மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டால் அது கசியும். அனலாக் நாடா கிழவரைப்போலச் சாகும். முதலில் காது மந்தமாகும், பிறகு பார்வை மங்கும், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். டிஜிட்டல் கோப்பு மாரடைப்பில் சாகும். நேற்றுவரை பளிச்சென்று ஓடியது, இன்று ‘ஃபைல் கரப்ட்’.

டிஜிட்டலின் பெருமையெல்லாம் பிழையின்றிப் பிரதி எடுக்கலாம் என்பதில் இருக்கிறது. யாரோ ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எடுத்தால். உங்கள் வீட்டில் அது யார் வேலை? கைவிடப்பட்டும் முப்பது வருஷம் தாக்குப்பிடித்தது அந்தக் கேசட், கைவிட்டால் பத்து வருஷம் தாங்குமா என்று உறுதி இல்லாதது உங்கள் பென்டிரைவ். எதை எறிகிறீர்கள்? இன்னொன்று: பெரிய தரவு மையங்களும் சினிமா ஸ்டுடியோக்களும் தங்கள் டிஜிட்டல் சொத்தை நீண்ட நாள் வைக்க இன்றும் காந்த நாடாவைத்தான் நம்புகின்றன. எல்டிஓ என்று பெயர். நாடா காலாவதி என்ற செய்தி அவர்களை எட்டவில்லை போலும்.

4. ‘பெரிய இடத்துல எல்லாம் இப்படி வெச்சினுருக்க மாட்டாங்க’ என்கிறார்கள். பெரிய இடத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவிலிருந்து அனுப்பிய படம் நொடிக்கு 10 ஃபிரேம், 320 கோடுகள். வீட்டு டிவிக்கு அது ஒத்துவராது. தரை நிலையத்தில் அந்தப் படத்தை ஒரு மானிட்டரில் ஓட்டி, மானிட்டரை வேறொரு கேமராவால் படம் பிடித்து உலகத்துக்கு ஒளிபரப்பினார்கள். அதாவது, கன்வெர்ட் பண்ணினார்கள். நாம் பார்த்த மங்கலான ஆம்ஸ்ட்ராங் அந்தப் பிரதி. தெளிவான மூலம் தனி நாடாக்களில் பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் அதைத் தேடிய நாசா 2009இல் முடிவைச் சொன்னது: நாடாத் தட்டுப்பாட்டில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒளிபரப்பான பிரதிகளைத் தூசி தட்டி மெருகேற்றித்தான் இன்று காட்டுகிறார்கள். மனிதன் நிலவில் வைத்த முதல் அடிக்கே இந்தக் கதி என்றால், வீட்டு விசேஷத்தில் வைத்த அடிக்கு யார் காவல்?

5. ‘கல்யாணம்தானே, தாலி கட்டுறது இருந்தா போதாதா?’ போதாது. என் பெரியம்மா மகளின் கல்யாணம் 1993இல் நடந்தது. மிக்சிங் செய்த கேசட்டில் தாமரைக்குள் மாப்பிள்ளை முகம் சுழன்று வரும், பின்னணியில் இளையராஜா. அது எல்லோர் வீட்டிலும் இருக்கும் கேசட்தான். என்னிடம் இருக்கும் புதையல் ரா கேசட். சாப்பாட்டு நேரத்தில் கேமராக்காரர் கேமராவை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறார், நிறுத்த மறந்துவிட்டார். பதினெட்டு நிமிஷம் கேமரா தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அடிபம்பில் வரிசை. பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே ஒரு செங்கல் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஆட்டுத்தொட்டிப் பக்கம் ஆடுகளை ஓட்டிப் போகிறார்கள், ஒன்று பந்தல்கால் வாழையைக் கடிக்கிறது, யாரோ விரட்டுகிறார்கள். டிபன் கேரியர் தொங்கும் சைக்கிள்கள். ஒரு சுவரில் பாதி அழிந்த கட்சி விளம்பரம். ஒரு சண்டை தொடங்கி, ஒரு சிரிப்பில் முடிகிறது. கன்வெர்ட் செய்து கொடுத்த கோப்பில் இந்தப் பதினெட்டு நிமிஷம் இல்லை. கேட்டால், “அதுல ஒண்ணும் இல்லண்ணா, வேஸ்ட்டு. கட் பண்ணிட்டேன்.”

வேஸ்ட். இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதப் போகிறவர் முதலில் தேட வேண்டியது இந்த வேஸ்ட்டைத்தான். 1921இன் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தையும் அதையொட்டிய புளியந்தோப்புக் கலவரத்தையும் அரசு அறிக்கைகள், பத்திரிகைகள், தலைவர்களின் பேச்சுகள் வழியாகத்தான் அறிகிறோம். அந்தத் தெருவில் அன்று காலை யார் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த மில் 1996இல் மூடியது. அதன் இடம் பிறகு சினிமா செட்டாகிப்போனது. சினிமா கேமரா எங்கள் பக்கம் வரும்போது பெரும்பாலும் கத்தியோடுதான் வரும். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்குகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுப் புதியவை எழும்புகின்றன, வாரியத்தின் பெயரே 2021இல் மாறிவிட்டது. இடிபட்ட அடுக்குகளின் மாடிப்படி எப்படி இருந்தது, நடையில் எங்கே அம்மி கிடந்தது, எந்த வீட்டுக் கதவில் அம்பேத்கர் படம், எந்த வீட்டில் மாதா படம் என்பதெல்லாம் பதிவாகியிருப்பது காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் எடுத்த கேசட்டுகளின் ஓரங்களில் மட்டும். பெண் நடந்து வருகிறாள், கேமரா பின்வாங்குகிறது, பின்னணியில் ஒரு காலம் தானாக விழுந்திருக்கிறது. எடுத்தவருக்கு அந்த நோக்கமே இல்லை. அதனால்தான் அது பொய் சொல்வதில்லை.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ன செய்கிறது? கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த நூல்களை அடிப்படையாக வைத்து 1994இல் தொடங்கிய அந்த நூலகத்தில் நுண்படம் எடுக்கிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள். அதற்காகப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடவில்லை. வீடியோ கேசட்டுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

6. ‘வெள்ளத்துல எல்லாம் போயிடும்ல?’ எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடிப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. சாக்கடையும் சேர்ந்த கறுப்புத் தண்ணீர். வடிந்த பிறகு தெருமுனைக் குப்பையில் மெத்தைகளோடு ஆல்பங்களும் கேசட்டுகளும் கிடந்ததை நான் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் கேசட் நனைந்தால் அதே தட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் நனையும். வெள்ளப் பயம் சொல்வது ‘ஒன்று போதாது, இன்னொன்றை எடுத்து வேறு இடத்தில் வை’ என்பதை. மாடி வீட்டில், அம்பத்தூரில் இருக்கும் தங்கை வீட்டில், இணையச் சேமிப்பில் வைக்கலாம். இருப்பதைக் கழித்து மறுபடியும் ஒன்றாக்கு என்று எந்த வெள்ளமும் சொல்லவில்லை.

நனைந்த நாடா செத்த நாடா என்பதும் தவறு. அதை வெயிலில் காயவைப்பதும், அவசரப்பட்டு டெக்கில் போட்டுப் பார்ப்பதும்தான் கொல்லும். அழுக்கு காய்ந்து ஒட்டுவதற்கு முன் சுத்தமான நீரில் அலசி, நிழலில் மெல்ல உலர்த்தி, தெரிந்தவரிடம் கொடுத்தால் பலமுறை மீட்டுவிடலாம். அன்று குப்பைக்குப் போனவற்றைக் கொன்றது தண்ணீர் மட்டும் அல்ல, ‘இனிமே இது எதுக்கு’ என்ற பேச்சும்தான்.

7. டெக்கே இல்லாதபோது கேசட்டை வைத்து என்ன செய்ய? இதில் யுனெஸ்கோ என் பக்கம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து விடுத்த எச்சரிக்கை, 2025 வாக்கில் நாடாவை ஓட்டும் கருவிகள் அரிதாகிவிடும், சீக்கிரம் பெயர்த்துக்கொள்ளுங்கள் என்றது. நானும் அதைத்தான் சொல்கிறேன். சீக்கிரம் பெயருங்கள், நன்றாகப் பெயருங்கள். ஐம்பது அரைப்படங்களும் வேண்டும், இழப்பில்லாத கோப்பு வேண்டும், கறுப்புத் திரையிலிருந்து கறுப்புத் திரைவரை முழுவதும் வேண்டும் என்று கடையில் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பல பத்து ஜிபி ஆகும், ஆகட்டும். பெயர்த்த பிறகு, மேலே யாரும் பதிந்துவிடாதபடி கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டு, நின்றவாக்கில் பரணில் ஏற்றுங்கள். எச்சரிக்கை அவசரப்படுத்தியது பெயர்ப்பதற்கு. எறிவதற்கு அல்ல.

அந்த நாக்கைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. நான்காவது கேசட்டுக்குக் கோப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். “அதுல சீரியல் ரெக்கார்டு பண்ணிகீறாங்கண்ணா, நாலு எபிசோடு” என்றார். உண்மைதான். நாக்கு உடைந்த இடத்தில் யாரோ செலோடேப் ஒட்டி, தம்பியின் காதுகுத்து மேலேயே தொண்ணூறுகளின் ஒரு தொடரைப் பதிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, கடன் வாங்கிய டெக்கில் கடைசிவரை ஓட்டினேன். தொடர் முடிந்து, திரை கொதித்து அடங்கி, அடியில் இருந்த காதுகுத்து மிச்சம் எட்டிப் பார்த்தது. ஏறக்குறைய ஐம்பது நொடி. தம்பி அழுகிறான், தாய்மாமன் மடி ஆடுகிறது. இடது ஓரத்தில் பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஆசாரியைத் திட்டுகிறார். அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அது.

மறுநாள் அந்த ஐம்பது நொடியைப் பிடித்துத் தரச் சொல்லிக் கடைக்குப் போனேன். ஐம்பது நொடியானாலும் முழு கேசட் சார்ஜ்தான் என்றார். கொடுத்தேன்.